வராதவரின் இருபது நிமிடம்

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் அந்த ஆணையத்தின் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர்கள் குறைவு. மின்னணுவியல் மற்றும் ஒளியணுவியலுக்கான பன்னாட்டு அறிவியல் ஆணையம். மின்சாரத்தை அடக்கி வேலை வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். வெளிச்சத்தைப் பிடித்து வேலை வாங்குகிறவர்கள் மறு பக்கம். நடுவில் அந்த ‘மற்றும்’. ஆணையத்தின் சண்டை சச்சரவெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் குடியிருந்தது. பெயரில் முன்னால் நிற்பதால் மின்னணுக்காரர்கள் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நடந்துகொள்வார்கள். ஒளிக்காரர்கள் மேடையில் சிரித்த முகமாக இருந்துவிட்டு, காப்பி இடைவேளையில் வஞ்சம் தீர்த்துக்கொள்வார்கள்.

அந்த ‘மற்றும்’ ஒரு வீட்டுக்குள்ளும் இருந்தது. வீட்டுக்காரர் மின்னணு, வீட்டுக்காரி ஒளி. அவருக்கு ஆணையத்தில் ‘வேகம்’ என்று பெயர். அவர் வடிவமைக்கும் கணினிச் சில்லுகள் கண்ணைச் சிமிட்டுவதற்குள் கோடிக் கணக்குப் போட்டுவிடும் என்பதால் வந்த பெயர். சட்டைப் பொத்தான் போட அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்தவர்கள் வைத்ததல்ல. அவளுக்கு ‘மின்மினி’. இருட்டறையில் உட்கார்ந்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மங்கலான ஒளியைத் துகள் துகளாக எண்ணுவது அவள் தொழில். ஒரு துகள் வந்து விழுந்தால் கருவி ‘டிக்’ என்று ஒரு சொடுக்குப் போடும். அடுத்த சொடுக்குக்குக் காத்திருந்து காத்திருந்தே அவளுக்கு மலை போலப் பொறுமை வந்துவிட்டது என்று வெளியே சொல்வார்கள். வீட்டில் அப்படி யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்த முறை மாநாடு அவர்கள் இருவரும் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. மூன்றாம் மாடியில் எதிரெதிரே இரண்டு அரங்குகள். இடப்பக்கம் வேகம் நடத்தும் ‘அதிவேகச் சில்லுகள்’ அமர்வு. வலப்பக்கம் மின்மினியின் ‘மங்கல் ஒளி’ அமர்வு. இரண்டும் ஒரே நாள், ஒரே பிற்பகல்.

அவளுடைய கவலை இதுதான். அமர்வுகள் பெருகிவிட்டன, அரங்குகள் போதவில்லை என்று ஆணையம் புதிதாக ஒரு முடிவு எடுத்திருந்தது. ஒவ்வொரு உரையின்போதும் அரங்கிலுள்ள தலைகளை எண்ண வேண்டும். சராசரி முப்பதுக்குக் கீழே போனால், அடுத்த மாநாட்டில் அந்த அமர்வைப் பக்கத்து அமர்வோடு சேர்த்துவிடுவார்கள். பெரிய அமர்வின் அமைப்பாளர் அமைப்பாளராகவே இருப்பார். சின்ன அமர்வின் அமைப்பாளர் இணை அமைப்பாளர் ஆவார். மின்மினிக்குப் பக்கத்து அமர்வு என்றால் அது கணவருடையது.

எத்தனையோ வருடங்களாக அவள் அந்த அமர்வை இடுப்புக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போயிருக்கிறாள். எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு கருவியை வைத்துக்கொண்டு, தான் என்ன செய்கிறோம் என்று பக்கத்து அறைக்காரருக்குக்கூட விளக்க முடியாமல் கிடப்பவர்கள், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அவள் அரங்குக்கு வந்துதான் தங்களைப் போன்ற நாலு முகங்களைப் பார்ப்பார்கள். சில்லுகளோடு சேர்த்துவிட்டால், மாலையில் கூட்டிப் பெருக்க ஆள் வரும் நேரத்தில், போனால் போகிறதென்று இரண்டு உரைக்கு இடம் கிடைக்கும். அது ஒரு வருத்தம். அதற்குக் கொஞ்சமும் குறையாத இன்னொரு வருத்தம் அந்த ‘இணை’.

அமர்வு நாளான இரண்டாம் நாள் காலை, சாப்பாட்டு மேசையில் இருவருடைய பெயர் அட்டைகளும் கயிறு சிக்கிக் கிடந்தன. வேகம் பிரிக்கப் போய் இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டார்.

“சேர்ந்தா சேர்ந்துட்டுப் போகட்டுமேம்மா. நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கலையா?” என்றார்.

“வீட்ல சேர்ந்து இருக்கறதே போதுங்க,” என்றாள் அவள், முடிச்சை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு.

அவர் ரொட்டியின் நான்கு மூலைக்கும் வெண்ணெய் போய்ச் சேர்கிறதா என்று கவனமாகப் பார்த்துத் தடவத் தொடங்கினார்.

இந்த வீட்டில் இன்னொருவரும் உண்டு என்று சொல்ல வேண்டும். வேகத்தின் அக்கா, அதாவது மின்மினியின் நாத்தனார், அதே கட்டடத்தில் மேல்தளத்தில் குடியிருந்தார். பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளர். அவர் பின்னால் வந்து நின்றால் எழுதத் தெரிந்ததும் மறந்துபோகும் என்று பெயர் வாங்கியவர். தலை எண்ண நம்பகமான ஆள் வேண்டும் என்று ஆணையம் கேட்டபோது பல்கலைக்கழகம் கொஞ்சமும் யோசிக்காமல் அவரைக் கைகாட்டிவிட்டது. எந்த அரங்குக்கு? மங்கல் ஒளிக்கு. கட்டைவிரலால் அழுத்த அழுத்த எண் ஒவ்வொன்றாகக் கூடும் ஒரு சின்னக் கருவியைக் கையில் கொடுத்திருந்தார்கள். அவர் அதை இரண்டு நாளாகக் கைப்பையில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றி வந்தார்.

மூவரும் ஒன்றாகத்தான் வேலைக்குக் கிளம்பினார்கள். மாடிப்படியில் கணவர் நாலு படி பின்தங்கியதும் மின்மினி மெதுவாக ஆரம்பித்தாள்.

“அண்ணி, வாசல்ல நின்னு கேக்கறவங்களையும் சேர்த்துக்குவீங்கல்ல?”

“தலை உள்ள இருக்கணும்.”

“காலு உள்ள இருந்து தலை மட்டும் வெளிய இருந்தா?”

“அப்படி யாராவது நின்னா மொதல்ல டாக்டரைக் கூப்பிடணும். இன்னொண்ணும் சொல்லிடறேன். தூங்கறவங்களையும் நான் எண்ணுவேன். பரீட்சை ஹால்ல தூங்கினாலும் வந்தவன் வந்தவன்தான்.”

அந்த நேரத்தில் அது ஆறுதலாகப் படவில்லை. தன் அமர்வில் ஆட்கள் தூங்குவார்கள் என்று நாத்தனார் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டதாகத்தான் பட்டது.

உரைகள் மொத்தம் ஐந்து; ஒவ்வொன்றும் இருபது நிமிடம். முதல் இரண்டுக்கும் கடைசி இரண்டுக்கும் இருபது இருபத்தைந்து பேர் வந்தால் அதிகம் என்று மின்மினிக்கே தெரியும். அவள் நம்பிக்கை எல்லாம் நடுவில் இருந்த மூன்றாம் உரைமீதுதான். அந்த உரைக்காரருக்குப் ‘பெட்டிக்காரர்’ என்று பெயர். உலகத்திலேயே மிகக் கூர்மையான ஒளியுணர் கருவியைத் தன் கையால் செய்து, ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, எங்கே போனாலும் மடியில் வைத்துக்கொண்டு போகிறவர். அவரை வரவழைக்க அவள் ஒரு வருடம் கடிதம் எழுதினாள். பெட்டியைத் திறந்து காட்டுகிறேன், ஆனால் அரங்கு இருட்டாக இருக்க வேண்டும் என்றார். சரி என்றாள். குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும் என்றார். அதற்கும் சரி. சத்தம் கூடாது என்றார். அதற்காகவே திரையரங்குபோல மெத்தை நாற்காலி போட்டு, கனத்த திரைச்சீலை தொங்கவிட்ட அந்த அரங்கைச் சண்டை போட்டு வாங்கினாள். மூன்றாம் உரை தொடங்கியதும் விளக்கை மங்க வைக்கவும் குளிரூட்டியை இரண்டு படி ஏற்றவும் விளக்கறை ஊழியரிடம் அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் கோடு போட்டுக் கொடுத்திருந்தாள்.

பெட்டிக்காரர் முதல் நாளே வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டின்போது அவரிடமிருந்து செய்தி வந்தது. விமான நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரிகள் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் திறந்தால் கருவி கெட்டுவிடும், இருட்டறை எங்கே இருக்கிறது சொல்லுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு திறந்து காட்டுகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்புப் பெட்டியைத் தனி இருட்டறையில்தான் திறப்பேன் என்று ஒருவர் அடம் பிடித்தால் அதிகாரிகள் என்ன நினைப்பார்கள்? அவர்களும் அதையேதான் நினைத்தார்கள். விமானம் போய்விட்டது. ‘பெட்டி பத்திரமாக இருக்கிறது. நானும் இருக்கிறேன்’ என்று செய்தி முடிந்திருந்தது.

மின்மினி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு நேரே தலைவரைத் தேடிப் போனாள். ஆணையத் தலைவருக்கு ‘மணிக்காரர்’ என்று பெயர். உரைக்கு நேரம் முடிந்தால் அடிக்க ஒரு குட்டி வெண்கல மணியைக் கோட்டுப் பையிலேயே வைத்திருப்பார். அவர் நடந்தாலே லேசாக ஒலிக்கும். அதனால் ஆணையத்தில் அவரைப் பற்றி யாரும் புறம்பேசி மாட்டிக்கொண்டதில்லை. அன்று மங்கல் ஒளி அமர்வுக்கு அவர்தான் மேடைத் தலைவர்.

நாலாவது உரைக்காரரை முன்னால் பேச வைக்கிறேன் என்றாள் மின்மினி. கூடாது என்றார். நானே பெட்டிக்காரரின் வேலையைப் பற்றிப் பேசுகிறேன் என்றாள். கூடாது. கலந்துரையாடல்? அதுவும் கூடாது. ஆணையத்தின் பழைய விதி ஒன்று இருந்தது. உரைக்காரர் வராவிட்டால் நிரலில் அவருடைய இடம் காலியாகவே இருக்க வேண்டும். ஏனென்றால் ஆட்கள் நிரலைக் கையில் வைத்துக்கொண்டு அரங்குக்கு அரங்கு தாவுகிறவர்கள். ஓர் உரையை முன்னால் இழுத்துவிட்டால், அதைக் கேட்க ஓடி வருகிறவர் ஏமாந்து போவார். பல மாநாடுகளுக்கு முன்பு அப்படி ஒருவர் மழையில் நனைந்துகொண்டு வேறு கட்டடத்திலிருந்து ஓடிவந்து, உரை முடிந்துபோனதைக் கண்டு, ஆணையத்துக்கு வருடக் கணக்கில் புகார் எழுதித்தான் இந்த விதியே வந்தது. அந்தப் புகாரை எழுதியவர் மணிக்காரர்தான்.

“அது காலி இடம்னு நினைக்காதீங்க மேடம்,” என்றார் கண்டிப்பாக. “அது அவரோட இடம். அவர் இல்லாட்டியும் அதுவும் நிகழ்ச்சிதான். இருபது நிமிஷம் மேடையில நானும் நீங்களும் உக்காந்து காப்பாத்தறோம்.”

கணக்கு மின்மினிக்கு மனதிலேயே ஓடியது. மூன்றாம் உரை இல்லை, நம்பிக்கையும் இல்லை. அரங்குக்குப் போகும் வழியில் எதிர் அரங்கு வாசலில் கணவர் நின்றிருந்தார். உள்ளே நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் நிற்கவில்லை.

முதல் உரை நடந்தது. நல்ல உரை. முன்வரிசையில் வழக்கமான முகங்கள். பின்வரிசைகளில் மெத்தை நாற்காலிகள் மட்டும். பத்தாவது நிமிடத்தில் நாத்தனார் எழுந்து வரிசை வரிசையாக நடந்து சொடுக்கினார். அந்தச் சத்தம் எவ்வளவு சீக்கிரம் நின்றுபோனது என்பதை மின்மினி கவனித்தாள். இரண்டாம் உரைக்கு இன்னும் சீக்கிரம் நின்றது. எத்தனை என்று கண்ணால் கேட்டாள். தேர்வுத் தாளைத் திருத்தி முடிக்காமல் மதிப்பெண் சொல்லும் வழக்கம் நாத்தனாருக்குக் கிடையாது.

இரண்டாம் உரைக்காரர் இறங்கியதும் மணிக்காரர் மணியை அடித்து, மூன்றாம் உரைக்காரர் வரவில்லை, விதிப்படி இந்த இடம் காலியாக விடப்படுகிறது, யாரும் பேச வேண்டாம் என்று அறிவித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் பெட்டிக்காரரின் பெயரும் தலைப்பும் மட்டும் தெரிந்தன. விளக்கறை ஊழியரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் இருந்தது கோடு போட்ட நிகழ்ச்சி நிரல். அதன்படி அவர் விளக்குகளை மங்க வைத்தார். குளிரூட்டியை இரண்டு படி ஏற்றினார்.

அரங்கு இருண்டது. மெல்ல ஒரு குளிர் இறங்கியது. திரைச்சீலைக்கு வெளியே உலகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

இரண்டு விஷயங்களை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். மாநாட்டுக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஊர்விட்டு ஊர் பறந்து வந்து இன்னும் தூக்கம் பிடிபடாதவர்கள். அவர்கள் உடம்புக்கு அது நடுநிசி.

இருந்தவர்களில் ஒருவரும் எழுந்து போகவில்லை. நரைத்த தாடிக்காரர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு நிமிடம் போயிருக்கும். கதவு அரை அடி திறந்தது. கழுத்தில் சில்லுக்காரர்களின் நீலக் கயிறு போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார். கழிவறையைத் தேடி வந்தவராகத்தான் இருக்க வேண்டும். அரங்கில் இருந்த அமைதியில் அவர் கிசுகிசுத்தது மேடைவரை கேட்டது.

“என்ன நடக்குது?”

“ஒண்ணும் நடக்கல,” என்றார் கடைசி வரிசைக்காரர்.

“எவ்வளவு நேரத்துக்கு?”

“இன்னும் பதினஞ்சு பதினெட்டு நிமிஷம் இருக்கும்.”

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். வந்த வேலை மறந்துபோனது போலிருந்தது. பிறகு இருவர் வந்தார்கள். பிறகு மூவர். எப்படிச் செய்தி பரவியது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. எதிர் அரங்கில் ஒரு சில்லுக்காரர் ஒலிபெருக்கியில் தொண்டை கிழியப் பேசுவது கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு கீற்று கேட்கும், மூடினால் நின்றுவிடும். அந்தக் கீற்று அடிக்கடி கேட்கத் தொடங்கியது. செருப்புச் சத்தம் கேட்காமல், கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார்கள். இடம் கேட்காமல், மன்னிப்புக் கேட்காமல், முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு, நாற்காலியில் சரிந்தார்கள். ஆயிரம் உரை கேட்டவர்கள் அவர்கள். ஆனால் உரைக்கு இப்படி முகம் கனிந்து அவர்கள் உட்கார்ந்ததை மின்மினி பார்த்ததே இல்லை. பக்கத்தில் மணிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து விதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். கண் மட்டும் மூடியிருந்தது.

பத்தாவது நிமிடம் வந்தது. நாத்தனார் எழுந்தார். உரை இல்லாத நேரத்தில் எண்ண வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ‘ஒவ்வோர் இடத்துக்கும் பத்தாவது நிமிடத்தில்’ என்றுதான் சொல்லியிருந்தார்கள். இருட்டில் தலை தெரியவில்லை. அதற்கெல்லாம் அசருகிறவரா அவர்? ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். டிக். டிக். காலி நாற்காலி. டிக்.

மின்மினி காதைத் தீட்டிக்கொண்டாள். தன் இருட்டறையில் வருடக் கணக்காக அவள் கேட்டு வந்த அதே சத்தம். ஆனால் அங்கே ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே காத்திருக்க வேண்டும். இங்கே மழை தூறுகிற மாதிரி விழுந்துகொண்டே இருந்தது.

அந்தச் சத்தத்தில் தாடிக்காரர் விழித்துக்கொண்டார். திரையில் பெட்டிக்காரரின் பெயர். சுற்றிலும் இருட்டு. எங்கிருந்தோ சொடுக்கு. பெட்டியைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பரபரப்பாக ஏதோ குறிக்கத் தொடங்கினார்.

கடைசி வரிசையை நாத்தனார் முடிக்கும் நேரம், கதவு மறுபடி திறந்தது. இந்த முறை ஆள் உள்ளே வரவில்லை. தாழ்வார வெளிச்சத்தில் நிழலாக நின்ற அந்தத் தோள் சரிவை மின்மினி எந்த இருட்டிலும் அடையாளம் கண்டுபிடிப்பாள். தன் அரங்கு ஏன் ஒழுகுகிறது என்று பார்க்க வந்திருக்கிறார். தன் ஆட்களைத் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போக அவருக்கு உரிமை உண்டு. போனால் அரங்கு பாதி காலியாகிவிடும்.

“உள்ள வா, இல்ல வெளிய போ,” என்றார் நாத்தனார் தாழ்ந்த குரலில். “வாசல்ல நிக்காதே.”

வேகம் அரங்கைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். மடியில் கைகோத்து, மூச்சைக்கூடச் சிக்கனமாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவர் ஒரு சட்டைப் பொத்தான் போடும் நேரம் ஆயிற்று. பிறகு உள்ளே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

டிக்.

நேரம் முடிந்ததும் மணிக்காரர் தூக்கத்திலேயே மணியை அடித்தார். அவ்வளவு வருடப் பழக்கம். விளக்குகள் எரிந்தன. உடனே தாடிக்காரர் கையைத் தூக்கினார். பெட்டிக்காரரைக் காணாததால், நின்றுகொண்டிருந்த ஒரே ஆளான நாத்தனாரைப் பார்த்துக் கேட்டார்:

“இருட்டுலயே இவ்வளவு எண்ணிக்கை வருதே, வேண்டாததையெல்லாம் கழிச்சாச்சா?”

“யாரையும் கழிக்கல சார். எல்லாரும் உக்காந்துதான் இருந்தாங்க,” என்றார் நாத்தனார்.

தாடிக்காரர் அதையும் குறித்துக்கொண்டார். நாலாவது உரைக்காரர் மேடையேறித் தொண்டையைச் செருமினார். அரங்கு தண்ணீர் வடிகிற மாதிரி வடிந்தது. மீதி இரண்டு உரைகளுக்கும் பழைய முகங்கள்தான்.

மாலையில் ஒரு சின்ன அறையில் ஆணையத்தின் நிர்வாகக் குழு கூடியது. நாத்தனார் எழுந்து நின்று, தேர்வு முடிவு வாசிக்கிற குரலில் வாசித்தார். முதல் உரை இருபத்து நான்கு. இரண்டாவது இருபத்திரண்டு. மூன்றாவது அறுபத்தெட்டு. நாலாவது பத்தொன்பது. ஐந்தாவது பதினேழு. மொத்தம் நூற்றைம்பது. சராசரி முப்பது. ஒன்று கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

அறையில் கசமுசா என்று பேச்சுக் கிளம்பியது. மின்னணுப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் எழுந்தார். பேச்சே நடக்காத இருபது நிமிடத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது, வந்தவர்கள் கேட்க வந்தவர்களா படுக்க வந்தவர்களா, இதை அனுமதித்தால் நாளைக்கு எல்லோரும் உரைக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தலையணை வாங்கிப் போடுவார்கள் என்று அடுக்கினார். நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று தலைகள் ஆடின. மூன்றாவதைக் கழித்துவிட்டால் சராசரி இருபத்தொன்றைக்கூட எட்டிப் பார்க்காது.

மின்மினி எழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“தலைவரே, நான் மத்தியானமே உங்ககிட்ட வந்தேன். அடுத்த ஆளை முன்னால கூப்பிடறேன்னு கேட்டேன், நானே பேசறேன்னு கேட்டேன். அது காலி இடம் இல்ல, அவர் வராட்டியும் அதுவும் நிகழ்ச்சிதான்னு சொன்னது நீங்க. இருபது நிமிஷம் என் பக்கத்துல உக்காந்து காப்பாத்தினதும் நீங்க. இப்ப அது நிகழ்ச்சி இல்லைன்னா அந்த இருபது நிமிஷம் என்னோடது. திருப்பிக் குடுங்க, நாளைக்குக் காலையில ஆள் வெச்சுப் பேச வெக்கறேன். நிகழ்ச்சின்னா அண்ணி எண்ணினது எண்ணினதுதான்.”

மணிக்காரர் தன் வீட்டுப் பூட்டில் தானே மாட்டிக்கொண்டவர் போல விழித்தார். நாளைக் காலை நிரலைத் திருத்துவதா? எங்கிருந்தாவது எவராவது மழையில் ஓடிவந்து ஏமாறுவார் என்ற நினைப்பே அவர் முகத்தை வெளுக்கவைத்தது. கடைசி முயற்சியாக, இதில் நட்டப்படுகிற தரப்பு என்ன சொல்கிறது என்று வேகத்தின் பக்கம் திரும்பினார். சில்லுகள் அமர்வுக்கு இன்னொரு பிற்பகல் முழுதும் கிடைக்கவிருந்ததல்லவா?

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார். மின்மினி அவரைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்தாள்.

“நான் போய்ப் பாத்தேன்,” என்றார் கடைசியில். “ஒழுங்கா நடந்தது. என் அரங்குல அவ்வளவு ஒழுங்கா ஒண்ணும் நடக்கல.”

மணிக்காரர் மணியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். மங்கல் ஒளி அமர்வு அடுத்த மாநாட்டிலும் தனியாகவே நடக்கும் என்று முடிவாயிற்று. இனிமேல் வராதவரின் இடத்தில் விளக்கை மங்க வைக்கக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவர மின்னணுப் பக்கத்து உறுப்பினர் முயன்றார். ஒளிக்காரர்களோடு சேர்ந்து நீலக் கயிற்றுக்காரர்களும் எதிர்த்ததால் அது படுத்துக்கொண்டது. ஆணையத்தின் நினைவில் இரு தரப்பும் ஒரே பக்கம் கைதூக்கியது அன்றுதான்.

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் பெட்டிக்காரரிடமிருந்து தொலைபேசி வந்தது. அதிகாரிகள் கடைசியில் மனமிரங்கி, துடைப்பமும் வாளியும் வைக்கிற ஒரு சின்ன அறைக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, மூன்று பேருமாக இருட்டில் பெட்டியைத் திறந்து தடவிப் பார்த்தார்களாம். ஒன்றும் தெரியவில்லையாம். சரி போங்கள் என்றுவிட்டார்களாம். நாளைக் காலை வந்துவிடுவேன் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, தன் உரைக்கென்று யாராவது வந்து ஏமாந்தார்களா என்று கேட்டார்.

“அறுபத்தெட்டுப் பேர் வந்தாங்க சார்,” என்றாள் மின்மினி. “ஒருத்தரும் ஏமாறல. கடைசிவரைக்கும் உக்காந்திருந்தாங்க.”



“எனக்காகவா?” என்றார் பெட்டிக்காரர். “என் உரைக்கு இதுவரைக்கும் பதினஞ்சு பேருக்கு மேல நான் பாத்ததே இல்லம்மா.”

ஒரு வருடம் கடிதம் எழுதி யாரை நம்பியிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த மாநாட்டுக்கும் அதே இடம், அதே சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம் உங்களுக்குத்தான் என்று சொல்லி வைத்தாள். பெட்டியை அவசியம் கொண்டுவாருங்கள், கையிலேயே கொண்டுவாருங்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

நாத்தனார் தன் தளத்துக்குப் படியேறும்போது கைப்பையைத் திறந்து, எண்ணும் கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார்.

“நூத்தைம்பதாவது சொடுக்கு யாருன்னு உனக்குத் தெரியுமில்ல?” என்றார் மின்மினியிடம். “நான் வெளிய போன்னும்தான் சொன்னேன்.” பதிலுக்கு நிற்காமல் ஏறிப் போனார்.

தான் நூற்றைம்பதாவது அல்ல, மூன்றாம் உரைக்குத்தான் கடைசி, பிறகும் இரண்டு உரைகள் இருந்தன என்று திருத்த வேகம் வாயெடுத்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வீட்டுக்குள் வந்ததும் இருவரும் பெயர் அட்டைகளைக் கழற்றி மேசைமேல் போட்டார்கள். கயிறுகள் போட்ட உடனே ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அவர் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உங்க ஆளுங்களைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க? அப்புறம் ஏன் உள்ள வந்து உக்காந்தீங்க?”

அவர் இரண்டாவது பொத்தானுக்குப் போனார். பிறகு மூன்றாவதற்கு. சமையலறையில் குளிர்பெட்டி முனகுவது கேட்டது. பதில் வருகிற மாதிரி தெரியவில்லை. வராவிட்டாலும் அது அவருடைய இடம் என்று அவள் மேசைமேல் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். மணியடிக்க அங்கே யாரும் இல்லை.